நம்பினால் மட்டும் போதுமா? விசுவாசமும் நற்செயலும் பற்றி ஓர் எளிய விளக்கம்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை, இராமநாதபுரம் கடற்கரையில் எந்த ஊர்க் கிறிஸ்தவரிடமாவது, 'மோட்சத்துக்குப் போக என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வீட்டில், 'ஞாயிறு பூசை தவறக் கூடாது, நாலு பேருக்கு நல்லது செய்ய வேண்டும், நேர்ந்துகொண்டதைப் பாக்கி வைக்கக் கூடாது' என்பார்கள். நாலு வீடு தள்ளிக் கேட்டால், 'செய்வதற்கு ஒன்றும் இல்லை. இயேசு சிலுவையில் எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டார். விசுவாசித்தால் போதும்' என்று பதில் வரும். இரண்டு வீட்டு அலமாரியிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே பைபிள்தான். புதிதாகக் கேட்பவர் குழம்பிப்போவதில் வியப்பில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பதிலிலும் பாதி சரி. மீதிப் பாதியை அந்தந்தச் சபையின் போதனையே ஒப்புக்கொள்வதில்லை. 'நல்லது செய்து மோட்சத்தைச் சம்பாதித்துக்கொள்ளலாம்' என்று கத்தோலிக்கத் திருச்சபை போதிக்கவில்லை. 'நம்பிவிட்டால் எப்படி வேண்டுமானாலும் வாழலாம்' என்று புரொட்டஸ்டண்டு சபைகளுக்கு வழிதிறந்த லூத்தரும் போதிக்கவில்லை. தெருவில் நடக்கும் வாக்குவாதத்தில் பெரும்பகுதி, எதிராளி சொல்லாத ஒன்றை மறுப்பதிலேயே கழிந்துவிடுகிறது.

கத்தோலிக்கர் மீட்பு, நம்பிக்கை, அருள், திருமுழுக்கு என்பார்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), பெந்தெகொஸ்தே சபையினர் இரட்சிப்பு, விசுவாசம், கிருபை, ஞானஸ்நானம் என்பார்கள். நான் இரண்டையும் கலந்தே எழுதுகிறேன். பொருளில் வேறுபாடு இல்லை.

மீட்பு என்றால் எதிலிருந்து மீட்பு? கிறிஸ்தவப் பதில்: பாவத்திலிருந்தும் சாவிலிருந்தும். மனிதன் கடவுளைவிட்டு விலகிவிட்டான். திரும்பிவரத் தன் முயற்சியால் அவனால் முடியாது. ஆகவே கடவுளே இயேசுவில் இறங்கிவந்து, சிலுவையில் மரித்து, உயிர்த்தெழுந்து வழி திறந்தார். இதில் கவனிக்க வேண்டியது, முதல் அடியை எடுத்து வைத்தவர் யார் என்பது. மனிதனுடைய விசுவாசமும் நற்செயலும் பேச்சுக்கு வருவதற்கு முன்பே கடவுளின் கிருபை வந்துவிடுகிறது. எபேசியருக்கு எழுதிய நிருபம், அதாவது பைபிளில் உள்ள ஒரு கடிதம், இதைச் சுருக்கிச் சொல்கிறது: 'கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு.' அடுத்த வசனம், யாரும் பெருமையடித்துக்கொள்ள முடியாதபடி இது செயல்களால் வந்ததல்ல என்கிறது. கூட்டங்களில் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுவார்கள். அதற்கும் அடுத்த வசனத்தை, அதாவது பத்தாம் வசனத்தை, ஏனோ யாரும் சுவரில் எழுதிவைப்பதில்லை. நற்செயல்கள் செய்வதற்காகவே நாம் கிறிஸ்துவுக்குள் படைக்கப்பட்டோம் என்று அது சொல்கிறது. செயலால் அல்ல என்பதும் செயலுக்காக என்பதும் மூன்று வசனத்துக்குள் அடுத்தடுத்து வந்துவிடுகின்றன.

கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். ஒரே கயிற்றைக் கூலிக்கு வந்தவர்களும் பிடித்திருப்பார்கள், வலைக்காரரின் மகனும் பிடித்திருப்பான். வியர்வை ஒன்றுதான், உள்ளங்கை காய்த்துப்போவதும் ஒன்றுதான். வலையின் மடி கரையேறி, கிடைத்த மீனைப் பிரிக்கும்போதுதான் வேறுபாடு தெரியும். கூலிக்காரர் தம் பங்குக்காகக் காத்து நிற்பார். மகன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவான். வலை இழுத்ததற்காக அவனுக்குச் சோறு போடுவதில்லை. காய்ச்சலில் படுத்துக்கிடந்த நாளிலும் அவனுக்குச் சோறு உண்டு. அதை வைத்துக்கொண்டு, உடம்பு நன்றாக இருக்கும்போதே தினமும் மணலில் கால் நீட்டிப் படுத்து, அப்பா கயிறு இழுப்பதை வேடிக்கை பார்த்தால்? 'இவனெல்லாம் ஒரு மகனா?' என்று ஊர் கேட்கும். கேட்பது நியாயம்தான்.

திருத்தூதர் பவுல் இந்தக் கூலிக் கணக்கைத்தான் ரோமருக்கு எழுதும்போது கையில் எடுக்கிறார். வேலை செய்கிறவனுக்குக் கூலி கொடுப்பது கொடை ஆகாது, அது கொடுத்தே தீர வேண்டிய கடன் என்கிறார் (4:4). மீட்பு கூலி என்றால் கடவுள் நமக்குக் கடன்பட்டவர் ஆகிவிடுவார். அது நடக்காது என்பதே அவர் வாதம். இயேசு சொன்ன ஊதாரி மகன் கதையில் மூத்தவன் கோபித்துக்கொண்டு வெளியே நிற்பதும் இதனால்தான். 'இத்தனை வருஷம் உமக்கு உழைத்தேன், ஓர் ஆட்டுக்குட்டியாவது கொடுத்தீரா?' என்று அப்பாவிடம் கேட்கிறான். வீட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தும் கூலிக்காரனாகவே கணக்கு வைத்திருந்திருக்கிறான்.

பவுல் யாரிடம் பேசுகிறார் என்று தெரியாமல் அவர் வரிகளை எடுத்தாள்வது ஆபத்து. யூதர் அல்லாதவர்கள் கிறிஸ்துவை ஏற்றபோது, 'யூத அடையாளச் சடங்கான விருத்தசேதனம் செய்துகொண்டால்தான், மோசேயின் சட்டத்தைக் கடைப்பிடித்தால்தான் நீ முழுக் கிறிஸ்தவன்' என்று சிலர் வற்புறுத்தினார்கள். கலாத்தியருக்கு எழுதிய நிருபம் முழுவதும் இந்தச் சண்டைதான். வாசலில் நின்று நுழைவுக் கட்டணம் கேட்டவர்களைப் பார்த்து, 'கட்டணம் இல்லை, விசுவாசித்தால் உள்ளே வரலாம்' என்கிறார் பவுல். அதே நிருபத்தில் அந்த விசுவாசம் எப்படிப்பட்டது என்றும் சொல்லிவிடுகிறார்: அன்பினால் செயல்படுகிற விசுவாசம் (5:6).

பைபிளில் இன்னொரு நிருபத்தை எழுதிய யாக்கோபு பேசுவது வேறு ஆளிடம். ஏற்கெனவே உள்ளே வந்து, நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, வாசலில் நிற்பவனைத் திரும்பிப் பார்க்காதவனிடம். சட்டையில்லாமலும் அன்றாடச் சோற்றுக்கு வழியில்லாமலும் ஒரு சகோதரனோ சகோதரியோ நிற்கும்போது, 'சமாதானமாய்ப் போ, குளிர்காய்ந்து வயிறாரச் சாப்பிடு' என்று வாயால் மட்டும் சொன்னால் என்ன பயன் என்று கேட்கிறார்.

இதைப் புரிந்துகொள்ள இந்தக் கரையில் மே மாதம் போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகுச் சொந்தக்காரர் எப்படியோ சமாளித்துவிடுவார். படகில் கூலிக்குப் போகிறவர் வீட்டில் அரிசி டப்பாவின் அடி தெரியத் தொடங்கும். அப்படி ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம். பாட்டு நன்றாக நடக்கிறது, கண்ணீரோடு ஜெபிக்கிறார்கள். முடிந்ததும், 'கவலைப்படாதே தங்கச்சி, கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று சொல்லிவிட்டு ஓர் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். அவர் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே நம்பித்தான் சொல்கிறார். கூட்டத்தில் வாயே திறக்காமல் சுவரோரம் உட்கார்ந்திருந்த இன்னொருவர், இருட்டிய பிறகு மஞ்சள் பையில் அரிசியும் மேலே காகிதத்தில் சுற்றிய கருவாடும் கொண்டுவந்து, அடுப்படி வாசலில் வைத்துவிட்டு, 'பையை நாளைக்குக் கொடுத்தால் போதும்' என்று மட்டும் சொல்லிப் போகிறார். இந்த இருவரில் விசுவாசம் யாரிடம் இருந்தது என்பதே யாக்கோபின் கேள்வி. 'விசுவாசமும் கிரியைகளில்லாதிருந்தால் தன்னிலேதானே செத்ததாயிருக்கும்' என்பது அவர் தீர்ப்பு. கிரியை என்றால் செயல். இன்னும் கடுமையாக, கடவுள் ஒருவரே என்று பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்கிறார். பிசாசுக்குக் கடவுளைப் பற்றிய தகவலில் குறை ஒன்றும் இல்லை. அந்தத் தகவல் அதை ஒரு பிடி அரிசி கொடுக்க வைப்பதில்லை, அவ்வளவுதான்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். சந்தியாகப்பர் என்பதும் யாக்கோபு என்ற பெயர்தான். தங்கச்சிமடம் வேர்க்காட்டிலும் மூக்கையூரிலும் கோயில் கொண்டிருக்கும் சந்தியாகப்பர், செபதேயுவின் மகனான மீனவர். ஏரோது அரசன் வாளால் வெட்டிக் கொன்ற திருத்தூதர். இந்த நிருபத்தை எழுதியவராக மரபு சொல்வது அவரை அல்ல. எருசலேம் சபைக்குத் தலைமை தாங்கிய, 'ஆண்டவரின் சகோதரர்' என்று அழைக்கப்பட்ட இன்னொரு யாக்கோபை.

பவுலும் யாக்கோபும் முட்டிக்கொள்வதாகத் தோன்றும் இடம், யூதர்களின் குலத்தந்தை ஆபிரகாம். அவர் விசுவாசத்தால் நீதிமானாக எண்ணப்பட்டார் என்கிறார் பவுல். செயலால் அல்லவா நீதிமானாக விளங்கினார் என்கிறார் யாக்கோபு. இருவரும் ஆபிரகாமின் வாழ்க்கையில் எந்தப் பக்கத்தைத் திறந்துவைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பவுல் எடுப்பது ஆதியாகமம் 15ஆம் அதிகாரம். மகன் ஈசாக்கு பிறக்கவே இல்லை, வானத்து நட்சத்திரங்களைக் காட்டி, உன் சந்ததி இப்படி இருக்கும் என்று கடவுள் சொல்கிறார், ஆபிரகாம் நம்புகிறார். யாக்கோபு எடுப்பது 22ஆம் அதிகாரம். பிறந்து வளர்ந்த அந்த மகனையே பலியிடக் கூட்டிக்கொண்டு மலையேறுகிறார். நடுவில் பல வருஷங்கள். முதலில் நம்பியது உண்மைதான் என்பது பின்னால் வெளிப்பட்டது. ஒருவர் விதை போட்ட நாளையும் மற்றவர் அறுப்பு நாளையும் பேசுகிறார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் கரைவலை ஏற்கெனவே போட்டாகிவிட்டது, வயலுக்குள் இறங்க வேண்டாம்.

நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் பெரிய பிளவு 16ஆம் நூற்றாண்டில் வந்தது. உரோமையில் புனித பேதுரு பேராலயம் கட்டப் பணம் திரட்டுவதற்காக ஜெர்மனியில் பாவமன்னிப்புச் சீட்டுகளைக் கூவி விற்றார்கள். திருச்சபையின் விளக்கப்படி அது மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிச்சமிருக்கும் தண்டனையைக் குறைப்பதுதான். சந்தையில் கேட்டவர்களுக்கோ, காசு கொடுத்தால் மோட்சம் என்றே காதில் விழுந்தது. 1517இல் இதை எதிர்த்து மார்ட்டின் லூத்தர் 95 கருத்துரைகளை வெளியிட்டார். விசுவாசத்தினால் மட்டுமே என்பது அவர் பக்கத்தின் முழக்கமாயிற்று. 1522இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் வெளியிட்டபோது, யாக்கோபு நிருபத்தை வைக்கோல் என்று முன்னுரையில் எழுதிவிட்டார். பிந்தைய பதிப்புகளில் அந்த வரி இல்லை. இதே லூத்தர்தான் ரோமருக்கான முன்னுரையில், விசுவாசம் உயிருள்ளது, ஓயாமல் வேலை செய்வது, 'நற்செயல் செய்ய வேண்டுமா?' என்று யாரும் கேட்பதற்கு முன்பே செய்துமுடித்திருக்கும் என்றும் எழுதினார். முதலாவதை மேற்கோள் காட்டும் அளவுக்கு இரண்டாவதை யாரும் காட்டுவதில்லை.

கத்தோலிக்கத் தரப்பின் பதில், 1545 முதல் 1563 வரை நடந்த திரெந்து பொதுச்சங்கத்தில், அதாவது ஆயர்களின் மாமன்றத்தில், வந்தது. 1547 ஜனவரியில் நிறைவேறிய தீர்மானத்தை ஒருமுறை படித்தால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மனிதன் கடவுளுக்கு ஏற்புடையவன் ஆவதற்கு முன்பு வரும் எதுவும், அது விசுவாசமானாலும் செயலானாலும், அந்த அருளைச் சம்பாதித்துத் தருவதில்லை என்று அது தெளிவாகச் சொல்கிறது. 'செயலால் மோட்சம்' என்று கத்தோலிக்கரைக் குறைசொல்பவர்களும், அதையே பெருமையாக நம்பும் கத்தோலிக்கர்களும் இந்த வரியின் முன் சேர்ந்தே நிற்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் சண்டையே இல்லையா? உண்டு. ஏற்புடையவன் ஆவது என்றால் என்ன என்பதில் உண்டு. லூத்தர் வழியில், கிறிஸ்துவின் நீதியைக் கணக்கில் வைத்துக் கடவுள் பாவியை நீதிமான் என்று அறிவிக்கிறார். அதன்பின் வாழ்க்கை மெல்லத் திருந்துவது வேறு விஷயம். கத்தோலிக்கப் போதனையில், கடவுள் அறிவிப்பதோடு ஆளையே உள்ளுக்குள் மாற்றுகிறார். அந்த மாற்றம் அருளின் துணையோடு செய்யும் நற்செயல்களால் வளர்கிறது. அந்தச் செயல்களுக்குக் கடவுள் பலனும் தருகிறார். வளர்கிறது, பலன் உண்டு என்ற இடத்தில் சீர்திருத்தக்காரர்களுக்குப் பழைய கூலி வாடை அடித்தது. அந்தப் பலனும் கடவுள் கொடுத்த கொடைக்கு அவரே சூட்டும் கிரீடம்தான் என்று கத்தோலிக்கர் பதில் சொல்வார்கள். 'நான் இரட்சிக்கப்பட்டவன் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?' என்பதிலும் வேறுபாடு உண்டு. முடியும், சொல்ல வேண்டும் என்பார் பெந்தெகொஸ்தே போதகர். கத்தோலிக்கப் பங்குத்தந்தையோ, நம்பிக்கையோடு எதிர்பார், ஆனால் ஆணவமாக அடித்துச் சொல்லாதே என்பார்.

1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில், உலக லூத்தரன் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் கொண்ட விசுவாசத்தில் கடவுள் நம்மை ஏற்கிறார். நற்செயல்களுக்கு நம்மைத் தகுதியாக்கி அழைப்பவரும் தூய ஆவியே. அடிப்படை இவ்வளவு என்று இருதரப்பும் ஒப்புக்கொண்டன. மெத்தடிஸ்டு சபைகள் 2006இலும், கால்வின் வழிச் சபைகளின் உலக அமைப்பு 2017இலும் சேர்ந்துகொண்டன. இந்தச் செய்தி நம் ஊர் ஒலிபெருக்கிகளுக்கு இன்னும் வந்துசேர்ந்ததாகத் தெரியவில்லை.

இந்தக் கரைக்கு இது புதிய பேச்சும் அல்ல. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த மறைபரப்பாளர் பிரான்சிஸ் சவேரியார் பாடம் நடத்திய விதத்தை அவர் கடிதங்களில் காணலாம். விசுவாசப் பிரமாணத்தைத் தமிழில் ஒவ்வொரு வரியாகச் சொல்லி, 'இதை விசுவாசிக்கிறீர்களா?' என்று கேட்பார். மக்கள் மார்பில் கைகளைக் குறுக்காக வைத்து, விசுவாசிக்கிறோம் என்று உரக்கச் சொல்வார்கள். அத்தோடு விடாமல் பத்துக் கட்டளைகளையும் சொல்லிக்கொடுப்பார். எதை நம்ப வேண்டும் என்பதும் எப்படி வாழ வேண்டும் என்பதும் ஒரே வகுப்பில் முடிந்தன.

ஓரியூர் கதை இதைவிடக் கூர்மையானது. திருவாடானை வட்டத்தில் இருக்கும் அந்த ஊரின் செம்மண்ணை இன்றும் மக்கள் பொட்டலமாகக் கட்டி எடுத்துப்போகிறார்கள். லிஸ்பனில் 1647இல் பிறந்த மறைபரப்பாளர் ஜான் தே பிரிட்டோ, நம் மக்களுக்கு அருளானந்தர், அங்கேதான் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்டார். சேதுபதி குலத்தைச் சேர்ந்த தடியத்தேவர் நோயில் விழுந்து, கிறிஸ்தவ ஜெபத்தால் குணமானதாக நம்பி, ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கு மனைவியர் பலர். ஒரு மனைவியோடு மட்டும் வாழச் சம்மதித்தால்தான் ஞானஸ்நானம் என்றார் அருளானந்தர். தேவர் சம்மதித்தார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர், இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அவர் முறையிட, விவகாரம் அரண்மனைக்குப் போனது. பின்னணியில் அரியணைப் போட்டியும் இருந்தது என்பார்கள் வரலாற்றாசிரியர்கள்.

மனைவியரை விலக்கியது ஞானஸ்நானத்துக்குத் தேவர் கொடுத்த விலையா? அருளானந்தரின் கண்ணில் இல்லை. நம்புகிறேன் என்ற சொல் நேற்று வரை வாழ்ந்த வாழ்க்கையைத் தொடவில்லை என்றால், அந்தச் சொல்லுக்குத் தலையில் தண்ணீர் ஊற்ற அவர் தயாராக இல்லை, அவ்வளவுதான். அந்தப் பிடிவாதம் அவர் உயிரைக் கேட்டது. விலக்கப்பட்ட பெண்களின் நிலை என்ன ஆயிற்று என்று திருவிழாப் பிரசங்கங்களில் யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு உறுத்தல்தான். ஒருவரின் மனமாற்றத்துக்கு இன்னொருவர் வீட்டை இழப்பது நற்செயலில் சேருமா என்பது கேட்கத்தக்க கேள்வி.

அன்றாடத்துக்கு வருவோம். நடுக்கடலில் காற்று மாறியதும், வீட்டில் இருப்பவர், 'அந்தோணியாரே, இவர் நல்லபடியாகக் கரை சேர்ந்துவிட்டால் கச்சத்தீவுக்கு வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன்' என்று நேர்ந்துகொள்வார். இதைக் கேலி செய்யும் சகோதரர்களை எனக்குப் பிடிப்பதில்லை. பயந்த மனம் அப்படித்தான் பேசும். நேர்த்திக்கடனைச் செலுத்துவது நன்றி சொல்லுதல், அதில் தவறில்லை. மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டேன், மோட்சக் கணக்கும் நேராகிவிட்டது என்று நினைக்கும்போதுதான் அது மீண்டும் கூலிப் பேச்சாகிறது. எதிர்வீட்டில், 'பத்து வருஷத்துக்கு முன்னால் கடலில் இறங்கி ஞானஸ்நானம் எடுத்துவிட்டேன்' என்று சொல்லிக்கொண்டே, படகில் வேலை செய்கிறவரின் பங்கைக் குறைத்துக் கொடுப்பவரும் அதே தவறைத்தான் செய்கிறார். ஒருவர் மெழுகுவர்த்தியை ரசீதாக வைத்திருக்கிறார், மற்றவர் ஞானஸ்நானத்தை.

செயல் செய்ய நேரமே இல்லாதவருக்கு என்ன கதி? சிலுவையில் இயேசுவின் பக்கத்தில் தொங்கிய குற்றவாளி, 'என்னை நினைத்தருளும்' என்று கேட்டான். அன்றே பரதீசில் இருப்பாய் என்று பதில் கிடைத்தது. திருடியதைத் திருப்பிக் கொடுக்க அவனுக்குக் கையும் இல்லை, நேரமும் இல்லை. நேரமும் கையும் இருந்த வரி வசூலிப்பவன் சகேயு, இயேசு வீட்டுக்கு வந்ததும் எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியதற்கு நாலு மடங்கு என்றான். அவனுக்கும் மீட்பு அன்றே வந்தது.

கடைசித் தீர்ப்பைப் பற்றி இயேசு சொன்னது மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அங்கே கேட்கப்படுவது முழுக்கச் செயல்: பசித்தவனுக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர், சிறையில் இருப்பவனைப் போய்ப் பார்த்தது. பல வீடுகளில் ஆண்கள் கடல் தாண்டிச் சிறையில் இருந்த நாட்களை அறிந்த ஊர்களுக்கு இதன் கனம் தெரியும். ஆனால் வலப்பக்கம் நிற்பவர்கள் சொல்லும் பதிலைக் கவனியுங்கள்: 'ஆண்டவரே, எப்போது உம்மைப் பசியாகக் கண்டோம்?' அவர்களிடம் கணக்குப் புத்தகமே இல்லை. மோட்சத்துக்காகச் செய்திருந்தால் தேதியோடு நினைவிருந்திருக்கும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழாவுக்குத் தவறாமல் வரும் இந்துப் பெண் ஒருவர், 'அக்கா, உங்கள் கணக்கில் நாங்கள் எங்கே வருகிறோம்?' என்று கேட்டால் என்ன சொல்வது? தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன அதே 1964இல், அதற்கு ஒரு மாதம் முன்பு, கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஒரு பதில் தந்தது. தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாதிருந்தும், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சி காட்டும் அவர் விருப்பத்தை அருளின் தூண்டுதலால் செயலில் நிறைவேற்ற முயல்பவர்கள் மீட்படையக்கூடும் என்றது. நல்லவர்கள் தம் நற்செயலால் மீட்கப்படுகிறார்கள் என்று அது சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் நற்செயலுக்குப் பின்னாலும் முதலில் வந்து நிற்பது கிருபைதான் என்கிறது. பெந்தெகொஸ்தே சபையில் இதே கேள்வியைக் கேட்டால், பெரும்பாலான போதகர்கள் அப்போஸ்தலர் 4:12ஐத் திறந்து, இயேசுவின் நாமமன்றி வேறு நாமம் இல்லை என்பார்கள். கத்தோலிக்கச் சங்கமும் அந்த வசனத்தை மறுக்கவில்லை. அந்த நாமத்தை அறிந்து அறிக்கையிட்டவர்களுக்கு மட்டும்தானா அதன் பலன் என்பதில்தான் இரு தரப்பும் பிரிகின்றன.